லோஜினி கட்டும் பொதி

துறைமுகப் பட்டணத்தின் ஓர்ஸ் ஹில் பக்கம், மருந்துக்கடை ஒன்றின் மேல்மாடியில் ஒரு மேசை, இரண்டு கதிரை, மூன்று கணினி. லோஜினியின் தொழிற்சாலை அவ்வளவுதான். சொந்த ஊரான சல்லிக்குப் போகும்போதெல்லாம் சொந்தக்காரர் என்ன வேலை என்று கேட்பார்கள். "பொதி கட்டுறன்" என்பாள். தகப்பன் இராசதுரை அதைக் கேட்டுவிட்டு, மகளுக்குத் துறைமுகத்தில் வேலை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அவள் திருத்தப் போகவில்லை. கிட்டத்தட்ட சரிதானே.

நிரல் எழுதுகிறவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள். அவர்கள் எழுதியது இயந்திரத்துக்கு விளங்கும் வடிவுக்கு மாறி, நூற்றுக்கணக்கான துண்டுகளாக அவளிடம் வரும். ஒன்றும் விடுபடாமல் அவற்றை ஒரே பொதியாக்கி, இந்தப் பக்கத்துப் பழைய கணினிகளில் ஏற்றி ஓட வைப்பது அவள் வேலை. "எழுத ஆயிரம் பேர் இருக்கினம். ஏறாட்டி எழுதி என்ன பிரயோசனம்?" என்பாள். எட்டு வருடத்தில் அவள் கட்டியது ஒன்றும் ஏறாமல் நின்றதில்லை. அந்தப் பெயருக்குத்தான் அந்தப் புதன்கிழமை கேடு வந்தது.

குறிஞ்சாக்கேணியில் ஒரு மீன்பிடிச் சங்கம். அங்குள்ள கணினி காற்றின் வேகத்தை எடுத்து, தோணிக்காரரின் கைபேசிகளுக்குக் காலையும் மாலையும் செய்தி அனுப்பும். முன்பு எல்லோருக்கும் ஒரே எண்தான் போனது. வெளிக்கடலில் காற்றென்றால், கரைக்குள் அடங்கிய களப்புத் தண்ணீரில் தொழில் செய்கிறவனும் வீட்டில் இருப்பான். களப்புக்கு வேறு, வெளிக்கடலுக்கு வேறு என்று பிரித்துச் சொல்லும் புதுப் பொதியைப் போன கிழமை லோஜினி அனுப்பியிருந்தாள். பொதி போய்ச் சேர்ந்தது. செய்தி மட்டும் பழையபடியே வந்தது.

"இண்டைக்கு அஸர் தொழுதிட்டுக் கூட்டம், தங்கச்சி" என்று சங்கத் தலைவர் ஜவ்பர் தொலைபேசியில் சொன்னார். "அதுக்குள்ள சரி வராட்டி கொழும்புக் கொம்பனிக்குக் குடுக்கிறதெண்டு முடிவெடுக்கப் போறம். கோவிச்சுக்காதீங்க."

"கோவம் ஒண்டுமில்லை நானா. வாறன்."

அதே பொதியைத் தன் கணினியில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். களப்புக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று, பிசகாமல் வந்தது. பொதியில் பிழை இல்லை. அந்தத் தெம்போடுதான் குறிஞ்சாக்கேணிக்குப் போகக் கிண்ணியா பஸ்ஸில் ஏறினாள்.

சங்கக் கட்டடத்துக்குள் கால் வைத்ததும், களப்பில் தொழில் செய்யும் முஹம்மது தம்பி கதிரையில் சாய்ந்தபடி வரவேற்றார்.

"வாங்க வாங்க. உங்கட மெசேஜ நம்பி ரெண்டு நாளா வலையக் காயப் போட்டிருக்கன். வலையும் காஞ்சிட்டு, நானும் காஞ்சிட்டன்."

"இண்டைக்கு நனையும்" என்றாள் லோஜினி.

கணினியைப் பார்க்கும் எழுதுவினைஞர் ஸல்ஹா எழும்பி இடம் விட்டாள். புதுப் பொதி இருக்க வேண்டிய கோப்புறையில்தான் இருந்தது. லோஜினி நிரலை நிறுத்தி மறுபடி தொடக்கினாள். பழைய செய்தியே வந்தது. ஜவ்பர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"வயசு போன மெசின் தங்கச்சி. புதுசு ஒண்டும் மண்டைக்குள்ள ஏறாது. என்னப் போல."

"ஏறுதோ இல்லையோ எண்டு அதிட்டையே கேப்பம் நானா."

ஒவ்வொரு துண்டையும் எந்தப் பொதியிலிருந்து எடுக்கிறாய் என்று சொல்லிக்கொண்டே ஏற்றும்படி ஒரு கட்டளை கொடுத்தாள். திரையில் வரிகள் மழைபோல ஓடின. நிறுத்தி, மேலே போய், காற்றைக் கணக்கிடும் துண்டின் வரியைத் தேடினாள். அது வந்த பொதியின் பெயர் 'பழசு அழிக்க வேணாம்'.

ஸல்ஹாவின் முகம் வெளுத்தது.

"அக்கா, அது நான்தான்" என்றாள் மெல்ல. "புதுசு போட முந்திப் பழசுக்கு வேற பேர் வச்சு அதுக்குள்ளயே விட்டன். சுனாமியில எங்கட வீட்டுக் கடதாசி எல்லாம் போன. உம்மா எதையும் ஒரே ஒரு கொப்பியா வைக்க விடமாட்டா. எதுக்கும் ஒரு கொப்பி இரிக்கட்டும் எண்டு..."

வெளியே எந்தப் பெயர் ஒட்டினாலும் உள்ளே இருக்கும் துண்டுகளின் பெயர் மாறாது. ஏற்றுகிற நிரல் மேலே எழுதியதை வாசிப்பதில்லை. கோப்புறையில் உள்ள பொதிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, கேட்ட பெயர் முதலில் எங்கே கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு தேடலை விட்டுவிடும். பழசு முந்திக்கொண்டது.

ஜவ்பர் ஸல்ஹாவைப் பார்த்த பார்வை நல்லதாக இல்லை. "அப்ப இந்தப் புள்ளட வேலையா இது?"

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் லோஜினியின் பெயர் தப்பும். ஆனால் அந்தக் கோப்புறையில் உள்ளதையெல்லாம் பார் என்று தொடக்கக் கட்டளையில் எழுதியவள் அவள்தான். இந்தப் பொதியை மட்டும் எடு என்று எழுத அன்றைக்குப் பஞ்சிப்பட்டு, சோம்பலில் விட்டுவிட்டாள்.

"இல்லை நானா, என்ரை பிழை. கொப்பி வைச்சது நல்ல பழக்கம். எந்தக் கொப்பியை எடுக்கிறதெண்டு நான்தான் மெசினுக்குச் சொல்லேல்ல."

"பிழையெண்டு நீங்களே சொல்றீங்க. மறுகா, கூட்டத்தில நான் என்னத்தச் சொல்ல?"

"ஒரு மணித்தியாலம் தாங்கோ. பிறகு நீங்களே பிழை விட்டுப் பாருங்கோ."

பழைய பொதியை வேறு கோப்புறைக்கு மாற்றினாள், அழிக்கவில்லை. பிறகு தொடக்கக் கட்டளைக்கு முன்னால் ஒரு காவல் வைத்தாள். ஒரே பெயருள்ள துண்டு இரண்டு பொதிகளில் இருந்தால் நிரல் ஓடாது. எந்த இரண்டு என்று தமிழில் சொல்லிவிட்டு நிற்கும். ஸல்ஹா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அது ஆறிப்போனது.

அஸர் முடிந்து சங்க நிர்வாகக் குழுவின் ஏழு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். ஜவ்பர் கணினிக்கு முன்னால் குந்தி, ஸல்ஹா காட்டியபடி, தன் விரலாலேயே பழைய பொதியைத் திரும்பக் கொண்டுவந்து போட்டார். தொடக்கினார். திரையில் எழுத்து விழுந்தது: 'ஒரே துண்டு இரண்டு பொதிகளில் உள்ளது. ஒன்றை அகற்றவும்.' கீழே இரண்டு பொதிகளின் பெயர்களும் இருந்தன.

"நிண்டிட்டு" என்றார் ஜவ்பர்.

"பிழையா ஓடுறதிலும் பார்க்க நிக்கிறது நல்லம் நானா. இப்ப எடுத்திட்டுத் தொடக்குங்கோ."

எடுத்தார். தொடக்கினார். மாலைச் செய்தி போகும் நேரம் அது. கூட்டத்தில் இருந்த சட்டைப்பைகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக முணுமுணுத்தன. முஹம்மது தம்பி கைபேசியைத் தூரப் பிடித்து வாசித்தார்.

"களப்பு பன்ரெண்டு. வெளிக்கடல் நாப்பத்தியஞ்சு, போக வேணாம்." இன்னொருமுறை வாசித்தார். யன்னலால் களப்புப் பக்கம் பார்த்தார். பிறகு எழும்பிச் சாரத்தை மடித்துக் கட்டினார்.

"எங்க போறீங்க? கொழும்புக் கொம்பனிட விசயம் இன்னும் கதைக்கல்லியே" என்றார் ஜவ்பர்.

"நீங்க இருந்து கதைங்க" என்றார் அவர், செருப்பைத் தேடிக்கொண்டே. "நான் தோணிய இறக்கப் போறன்."

அவருக்குப் பின்னால் களப்புக்காரர் இன்னும் மூன்று பேர் எழும்பினார்கள். ஜவ்பர் ஆள் மிச்சமிருந்த கதிரைகளை எண்ணிப் பார்த்துவிட்டுக் கூட்டக் கொப்பியை மூடினார்.

"அப்ப கொழும்புக்கு வேணாமெண்டு நான் சொல்லிக்கிறன் தங்கச்சி. நீங்க பஸ்ஸப் புடிங்க."