லாரிக் குறிப்புக்கு வந்த பதில்

மேடவாக்கத்தில் எங்கள் வீட்டுக்குத் தண்ணி லாரி சொல்வது என் வேலை. மறுபடியும் மறந்தேன்.

"உங்களுக்கு ஞாபகமே இருக்காதா?" என்றதோடு மனைவி பேச்சை நிறுத்திவிட்டாள்.

போனிலும் லேப்டாப்பிலும் ஒரே குறிப்பைக் காட்டும் ஆப்பைத் தேடினேன். எனக்கு எதுவும் லேசில் பிடிக்காது. பலவற்றைப் போட்டுப் பார்த்து அழித்தேன். மிஞ்சிய ஒன்றில், ஆபீஸ் லேப்டாப்பிலிருந்து "லாரி சொல்லணும்" என்று அடித்துவிட்டுப் போனைப் பார்த்தேன். வந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே, நான் அடிக்காத ஒரு வரி வந்தது.

"நான் சொல்லிட்டேன். சாப்டீங்களா?"

அவளுக்குக் கொடுத்த என் பழைய போனிலும் நான் போட்டுப் பார்த்த அந்த ஆப், என் கணக்கிலேயே திறந்தபடி இருந்திருக்கிறது!

"இன்னும் இல்ல. நீ?" என்று அடித்தேன்.

இதைவிட நல்ல ஆப்கள் இருப்பதாக நண்பர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். என் கோபக்காரி பதில் சொன்னது இதில்தான்.