சஸ்மிதாவுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர்

போன புதன்கிழமை அரியலூரில் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம். 'இளைஞர் கொள்கையில் புலம்பெயர் இளையோர் பங்கேற்பு' - தலைப்பு நீளத்துக்கு பேனர் மேடையைத் தாண்டிப் போயிருந்தது. நான் சிறப்பு விருந்தினர். ஏன் என்று கேட்காதீர்கள்... எனக்கும் தெரியாது.

மேடையில் புலம்பெயர் இளையோர் என்று இருந்தது ஒரே ஒருத்தி. சஸ்மிதா, பிளஸ் ஒன். அப்பா ஒடிசாவிலிருந்து சிமெண்ட் ஆலை வேலைக்கு வந்தவர். அவள் பிறந்ததே இங்கேதான். மிச்சம் ஆறு நாற்காலியில் அவளைப் பற்றிப் பேச வந்த ஆறு பேர். சராசரி வயது... வேண்டாம், நானும் அதில் ஒருவன்.

முதலில் நாங்கள் பேசினோம். 'இளைஞர்களைப் பேச விடுங்கள்' என்று நான் மட்டும் இருபத்தைந்து நிமிடம் முழங்கினேன்.

ஐந்தரை மணிக்கு அவள் முறை வந்தது. கையில் ஒரு தாள். பக்கத்தில் ஒரு ரிட்டயர்டு இந்தி ஆசிரியரும் வந்து நின்றார். மொழிபெயர்க்கிறாராம்!

"எனக்கு இந்தி வராதுங்க சார். வூட்ல ஒடியா, வெளில தமிழ்தான்" என்றாள்.

அமைப்பாளர் அசரவில்லை. "அழைப்பிதழ்ல அடிச்சாச்சும்மா. சாரும் வந்துட்டாரு. நீ தமிழ்லயே சொல்லு, அவரு இந்தில சொல்லட்டும்."

யாருக்கு? அரங்கில் இருந்ததெல்லாம் செந்துறை, விக்கிரமங்கலம் பக்கத்து ஆட்கள்.

"எங்க குடியிருப்புகிட்ட பஸ்ஸ நிறுத்த மாட்டேங்கறாங்க. லாரி போற ரோட்ல ரெண்டு கிலோமீட்டர் நடக்கணும். அதுக்குப் பயந்தே என் ஃபிரெண்டு பிங்கிய பள்ளிக்கூடத்துலேருந்து நிறுத்திட்டாங்க. எங்கப்பாவும் சொல்லிட்டாரு, அடுத்த மாசம் என்னையும்..."

ஆசிரியர் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். அதுவரை சொன்னதை நிதானமாக, இலக்கண சுத்தமாக இந்தியில் சொன்னார். கைதட்டல் வேறு!

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. "இருட்டறதுக்குள்ள அந்த ரோட்ட தாண்டணும் சார். போயிட்டு வரேன்." தாளை மடித்துக்கொண்டு ஓடியேவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் பேசி முடித்திருப்பாள்.

பிறகு பொன்னாடை, போட்டோ, பஜ்ஜி. கடைசியில் கூட்டக் குறிப்பு நோட்டு வந்தது. விருந்தினர்கள் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டுவிட்டுத்தான் படித்தேன்: 'புலம்பெயர் இளையோர் பிரதிநிதி பாதியில் வெளியேறினார். பங்கேற்பில் ஆர்வம் குறைவு.'

கீழே என் கையெழுத்து... என்றைக்கும் இல்லாத அளவுக்கு அழகாக விழுந்திருந்தது.