விஸ்கி காய்ச்சும் தீவில் ஒரு கடிதத்துக்காக

என் மகனுக்குக் காய்ச்சல் என்று கடிதம் வந்த நாளில்தான் விஸ்கி காய்ச்சும் இடத்தைப் பார்க்கப் போவதாக ஏற்பாடாகியிருந்தது.

ஸ்காட்லாந்துக்கு மேற்கே கடலில் கிடக்கும் சின்னத் தீவு அது. எங்கள் துரை பிறந்த ஊர். கீழ் கோத்தகிரியில் அவருடைய எஸ்டேட்டில் என் கணவர் கிளார்க். துரை ஆறு மாத லீவில் ஊருக்குப் புறப்பட்டபோது, தன் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள இங்கிலீஷ் தெரிந்த ஒருத்தி வேண்டும் என்று துரைசானி சொல்லியனுப்பினாள். நான் கேத்தியில் மிஷன் பள்ளியில் படித்தவள்.

"துரைசானியே ஆள் உட்டுக் கேக்கறப்ப மாட்டேன்னு எப்புடிச் சொல்றது? நீயே சொல்லு" என்றார் என் கணவர். என்னைக் கேட்கிறாரா, எனக்குச் சொல்கிறாரா என்று புரியவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. அதுவே சம்மதமாகிவிட்டது. ஒன்றேகால் வயது மகனைப் பால் மறக்கச் செய்து, நாத்தனாரிடம் விட்டுவிட்டுக் கப்பலேறினேன்.

கணவர் எழுதிய கடிதத்தில் நாலே வரிகள். பையனுக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிறது, காய்ச்சல், நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை, அக்கா பார்த்துக்கொள்கிறாள், கவலைப்படாதே. அந்த 'நேற்று' கழிந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

துரைசானியிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வண்டியேறினேன். அங்கே ஊறவைத்த பார்லியை ஒரு பெரிய தளம் முழுக்கப் பரப்பி, ஆட்கள் மர மண்வெட்டியால் புரட்டிப் புரட்டிப் போட்டார்கள். எங்கள் ஃபாக்டரியில் தேயிலையை வாட்டும் மாடி நினைவுக்கு வந்தது. கீழே சதுப்பு நிலத்தில் வெட்டி விறகுபோல் காயவைத்த மண் கட்டிகளை எரித்துப் புகை போட்டார்கள். அந்தப் புகை நாலு நாள் என் சேலையை விட்டுப் போகவில்லை. துரை ஒவ்வொன்றையும் விளக்கிக்கொண்டே வந்தார். நான் தலையாட்டினேன். காதில் விழுந்தது எதுவும் உள்ளே போகவில்லை.

என் முகத்தைப் பார்த்துத் துரைசானியே கேட்டுவிட்டாள். விஷயம் தெரிந்ததும் துரை, எஸ்டேட்டுக்குத் தந்தி கொடுத்து விசாரிக்கிறேன் என்றார். நான் பதறிப்போய் வேண்டாம் என்றேன். எங்கள் பக்கம் தந்தி வந்தால் யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். மாரில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிடுவார்கள். சாவைத் தவிர வேறெதற்கும் தந்தி வந்து அவர்கள் பார்த்ததில்லை. பதில் தந்தி வந்தாலும் அதைக் கையில் வாங்க எனக்குத் தைரியம் கிடையாது. துரை தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். சரி என்று சொல்லியிருக்கலாமோ என்று அன்று பொழுதுசாய்வதற்குள் பத்துத் தடவை நினைத்தேன்.

இந்தியத் தபால் வாரத்துக்கு ஒரு முறைதான். அடுத்த வாரம் எனக்கு எதுவும் வரவில்லை.

அந்த வாரம் கடல்நாய் பார்க்கக் கூட்டிப்போனார்கள். பாறைமேல் பத்துப் பதினைந்து படுத்து வெயில் காய்ந்தன. துரைசானி பைனாகுலரை என்னிடம் நீட்டினாள். நான் அதைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி, தபால் ஸ்டீமரின் புகை தெரிகிறதா என்று பார்த்தேன். "அழகா இருக்கா?" என்று கேட்டாள். அழகாக இருக்கிறது என்றேன். இன்னொரு நாள் இடிந்த பழைய தேவாலயத்துக்குப் போனோம். வாளும் படகும் செதுக்கிய கல்லறைகள் நூற்றாண்டுகளாக மழையில் நிற்பவை என்று துரை பெருமையாகச் சொன்னார். ஓரத்தில் ஒரு சின்னக் கல்லில் 'வயது இரண்டு' என்று இருந்ததை வாசித்த பிறகு நான் போய் வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இதற்குள் துரைசானியின் குழந்தைக்கும் பல் முளைக்கத் தொடங்கியது. துரையின் அத்தை, அந்த வீட்டுக்குப் பெரியவள், விரலை விஸ்கியில் தோய்த்து ஈறில் தடவினாள். பன்னிரண்டு வயதில், போதை வஸ்துவைத் தொடவும் மாட்டேன், பிறருக்குத் தரவும் மாட்டேன் என்று மிஷனின் ஸ்காட்லாந்துப் பாதிரியார் முன்னால் கையெழுத்துப் போட்டவள் நான். அவர் ஊர்க்காரர்கள் எல்லோருமே அப்படிக் கையெழுத்துப் போட்டவர்கள் என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். அத்தை தடவிவிட்டுப் போனதும் முந்தானையால் துடைத்துவிடுவேன். மூன்று நாள் அப்படிச் செய்தேன். மூன்றாம் நாள் ஈறில் ரத்தம் கசிந்தது, குழந்தை வீறிட்டது. கையில் முந்தானையோடு நின்ற என்னைத் துரைசானியும் அத்தையும் வந்து பார்த்தார்கள்.

காரணத்தைச் சொன்னேன். அத்தை சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள். அவள் பேசும் இங்கிலீஷ் எனக்குப் பிடிபடாது. எஸ்டேட் ஆட்களிடம் பழகிய தமிழில் துரைசானி சொன்னாள்: "உன் பாதிரிக்கும் இதைத் தடவித்தான் பல்லு மொளைச்சிருக்கும்னு அத்தை சொல்லுது."

அவள் மட்டும் சிரிக்கவில்லை. குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"வேணாம்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாம். நான் இவ அம்மா. நீ என்னைக் கேக்கலியே."

அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். என் மகன் வாயில் யார் என்ன வைக்கிறார்கள்? என்னையும்தான் யாரும் கேட்கவில்லை. கேட்டு எழுதினாலும் என் பதில் போய்ச் சேரும்போது பல்லே முளைத்திருக்கும். அவன் நன்றாக இருந்தால்.

இரண்டு நாள் கழித்துக் கடிதம் வந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது, பல் வெளியே வந்துவிட்டது, பையன் இளைத்திருக்கிறான் ஆனால் ஓடுகிறான் என்று எழுதியிருந்தார். என்ன மருந்து கொடுத்தார்கள் என்று எழுதவில்லை. எவ்வளவு இளைத்தான் என்றும் எழுதவில்லை. ஸ்தோத்திரம் செய்தேன். செய்து முடிப்பதற்குள், இதுவும் மூன்று வாரத்துச் செய்தி என்ற நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

நேராகத் துரைசானியிடம் போனேன்.

"என்னை ஊருக்கு அனுப்பிருங்கம்மா."

"பையன் நல்லா இருக்கான்னுதானே எழுதியிருக்கு?"

"எழுதுன அன்னிக்கு நல்லா இருந்தானுங்க."

அவள் மடியிலிருந்த குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினாள். பிறகு, குன்னூருக்குத் திரும்பும் தன் சிநேகிதி ஒருத்தி பத்து நாளில் கிளாஸ்கோவில் கப்பலேறுகிறாள், அவளுடைய இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு போகலாம் என்றாள். துரைசானிக்கு என்மேல் கோபமா, இரக்கமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

புறப்படுவதற்கு முந்தின நாள், நான் வருகிறேன் என்று கணவருக்குக் கடிதம் எழுதி, உறையை ஒட்டிய பிறகுதான் உறைத்தது. இது எனக்கு முன்னால் போய்விடப் போவதில்லை. அநேகமாக நான் போகும் கப்பலிலேயேதான் ஏறும். மலையேறித் தபால்காரர் கையில் சேர்வதற்குள் நானே வீடு சேர்ந்துவிடுவேன். கிழித்துப்போடலாமா என்று பார்த்தேன். வழியில் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால், புறப்பட்டாள் என்றாவது அவருக்குத் தெரிய வேண்டாமா? தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.