இயற்பியல் ஓரிடத்தில் போதும்

எங்கள் வட்டாரத்துக் கல்லூரிகள் கூடித் திட்டமிடும் கூட்டம் என்றால் அது ஆனியிலோ ஆடியிலோ குற்றாலத்தில்தான் நடக்கும். மாசியில் நடந்ததாக எனக்கு நினைவில்லை. அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் தேதி குறிப்பார்கள். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, கண் சிவந்து, தலை ஈரம் காயாமல் வந்து உட்காரும் முதல்வர்களைப் பார்த்து நானும் என் தோழியும் பின்வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அவள் வேலை போன அந்தக் கூட்டத்திலும், காலையில் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

நான் தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் எடுக்கிறேன். நிரந்தரப் பணி. அவள் செங்கோட்டைப் பக்கம் இன்னொரு கல்லூரியில் அதே பாடம், ஆனால் சுயநிதிப் பிரிவு. பிள்ளைகள் சேர்ந்தால் வகுப்பு உண்டு, வகுப்பு இருந்தால் வேலை உண்டு, அவ்வளவுதான். இலத்தூர்க்காரி. அப்பா காலம் வரைக்கும் நெல் விவசாயம். அந்தக் குடும்பத்தில் கல்லூரியில் பாடம் நடத்தப் போன முதல் ஆள் அவள்தான். அதில் அவளுக்கு இருந்த பெருமையை நான் கேலி செய்துகொண்டே இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கப் போனாலும் இஸ்திரி போட்ட சேலையில்தான் போவாள்.

எந்தத் திட்டமும் போடாமலே எங்கள் இரண்டு துறைகளும் கூட்டாகத்தான் இருந்தன. எங்கள் ஆய்வகத்தில் ஸ்பெக்ட்ரோமீட்டர் நன்றாக இருக்கும், அவர்களிடம் சோடியம் விளக்கு நன்றாக எரியும். செய்முறைத் தேர்வு வந்துவிட்டால் இது அங்கே போகும், அது இங்கே வரும். டவுன் பஸ்ஸில், சிப்ஸ் பையும் ஈரத்துண்டுமாக ஏறுகிற சபரிமலை சீசன் கூட்டத்துக்கு நடுவில், ஸ்பெக்ட்ரோமீட்டர் பெட்டியைக் கைப்பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறேன். இரண்டு இடத்திலும் தேர்வு ஒரே நாளில் விழுந்துவிடாமல் நாங்களே போனில் பேசி நாள் வைத்துக்கொள்வோம். முதல்வர்களுக்கு இது தெரியும். தெரியாதது மாதிரி இருந்துகொண்டார்கள்.

அப்புறம்தான் கூட்டுத் திட்டம் என்று ஒன்று வந்தது. திட்டத்தை முழுசாகக் குறை சொல்ல மாட்டேன். எல்லாப் பிள்ளைகளும் காமர்ஸுக்கும் கம்ப்யூட்டருக்கும் போய்விட, இயற்பியலில் பாதி பெஞ்சு காலியாகக் கிடந்தது. விலங்கியலிலும் வரலாற்றிலும் அதே கதை. பக்கத்துப் பக்கத்தில் மூன்று கல்லூரிகள் அரைகுறையாக நடத்துவதைவிட, ஆளுக்கொரு பாடத்தை எடுத்து முழுசாக நடத்தலாமே என்றார்கள். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

இயற்பியல் பகுதியை எழுதித் தரச் சொல்லி எங்கள் இருவரிடமே கொடுத்தார்கள். என் வீட்டில் உட்கார்ந்து எழுதினோம். அவள் ஒளியியலும் மின்னணுவியலும் எடுப்பது, நான் மற்றதை எடுப்பது, இரண்டு ஆய்வகத்தையும் ஒன்றாக்குவது என்று எல்லாம் போட்டோம். என்னைவிட அவளுக்குத்தான் சந்தோஷம். இனி பஸ்ஸில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், ஒரே ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஆனி பிறந்த வாரம். கூட்டத்தன்று நல்ல சாரல். திரையில் எங்கள் பாடம் வந்தது. ‘இயற்பியல் ஓரிடத்தில் போதும்’ என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டு, அந்த இடம் என் கல்லூரி என்று முடித்திருந்தார்கள். கருவிகள் எப்படி வரும், புத்தகங்கள் எப்படி வரும், கடைசி வருடப் பிள்ளைகள் எந்த வேனில் வருவார்கள் என்றெல்லாம் இருந்தது. பிள்ளைகள் யாரும் பாதிக்கப்பட மாட்டார்கள் என்று ஒரு வரி தனியாக இருந்தது. அவளைப் பற்றி நாங்கள் எழுதிய வரியைக் காணோம்.

எனக்குக் கோபம் வந்தால் வாய் சும்மா இருக்காது. எழுந்து கேட்டுவிட்டேன். சுயநிதி ஆசிரியர் நியமனம் அந்தந்த நிர்வாகத்தின் விஷயம், கூட்டுக் குழு அதில் தலையிட முடியாது, பின்னர் பரிசீலிக்கலாம் என்று ஒருங்கிணைப்பாளர் பொறுமையாகப் பதில் சொன்னார். மேஜை வருகிறது, பீரோ வருகிறது, ஆள் மட்டும் வரக்கூடாதா என்றேன். உணர்ச்சிவசப்படாதீர்கள் மேடம் என்று முன்வரிசையில் ஒருவர் திரும்பினார். அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

“விடுட்டி. நீ சண்ட போட்டா உனக்கும் சேத்து ஆப்பு வைப்பாவ” என்றாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் ஐந்தருவிக்குக் கிளம்பினார்கள். நாங்கள் இரண்டு பேரும் தென்காசி பஸ் ஏறினோம். அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, சாரல் முகத்தில் அடிக்க அடிக்க ஷட்டரை இறக்காமல் வந்தாள். அழுகிறாள் என்று எனக்குத் தெரியும். மழைத் தண்ணீர் என்று நான் நினைத்துக்கொள்ளட்டும் என்பது அவள் எண்ணம்.

வேலை போனதைவிட அவளுக்குப் பெரிய கவலை, மூன்றாம் வருடத்துக்கு வந்திருந்த அந்த ஏழு பிள்ளைகள். சுயநிதி ஆசிரியர்களுக்கு மே மாதம் முழுக்க வீடு வீடாகப் போய் ஆள் சேர்ப்பதும் ஒரு வேலை. அப்படி வெயிலில் பண்பொழிக்கும் இலத்தூருக்கும் நடந்து அவள் கூட்டி வந்த பிள்ளைகள் அவர்கள். பெரும்பாலும் முதல் தலைமுறை. பண்பொழியில் ஒரு அம்மா, நீங்க கூட இருக்கியள்லா, அப்போ அனுப்புதோம் என்று சொல்லித்தான் மகளைச் சேர்த்தாராம். தான் இல்லை என்று தெரிந்தால் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். பெண்பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். ஒரு வருடம்தான் பாக்கி, அதற்குள் படிப்பு போய்விடும் என்று புலம்பினாள்.

கல்லூரி திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் தென்காசி பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்க்க வந்தாள். அதற்குள் செங்கோட்டையில் சொந்தக்காரர் ஒருவரின் பெயிண்ட் கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அப்போதும் சேலை இஸ்திரிதான்.

“ஏட்டி, ஒண்ணு கேக்கேன், மாட்டேன்னு சொல்லிராத. நானும் பின்னாலயே வந்துருதேன்னு பிள்ளைககிட்ட சொல்லி வச்சிருக்கேன். கேட்டா நீயும் அப்படியே சொல்லு. ரெண்டு மாசம் சொன்னாப் போதும். அதுக்குள்ள உங்கிட்ட பழகிருங்க.”

எனக்குப் பொய் சொல்ல வராது, அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் சரி என்றேன். வேறு என்ன சொல்ல.

முதல் நாள் வேனில் ஏழு பேரும் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய ஆய்வகத்து மேஜைகள் ஏற்கெனவே வந்து எங்கள் வராந்தாவில் கிடந்தன. எங்கள் பிள்ளைகள் ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்தார்கள். வகுப்பு முடிந்ததும் பண்பொழிப் பெண் வந்து, எங்க மேடம் எப்ப வருவாங்க என்று கேட்டாள். ஆர்டர் வரணும்மா, அடுத்த வாரம் வந்துருவாங்க என்றேன். அவள் தலையாட்டிக்கொண்டு போனாள்.

அதற்கடுத்த வாரம் ஒரு பையன் கேட்டான். அதற்கும் அடுத்த வாரம் திரும்ப அந்தப் பெண். முறை வைத்துக் கேட்பது போல யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நானும் பல்கலைக்கழக ஒப்புதல், நிர்வாகக் கையெழுத்து என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருவரும் நிற்கவில்லை. மழையில் வேன் வராத நாளில்கூட பஸ் பிடித்து வந்துவிட்டார்கள். சாயங்காலம் போனில் தோழியிடம் நான் இதைச் சொல்லும்போதெல்லாம் அவள், நான் சொன்னேம்லா என்பாள்.

புரட்டாசி வந்தபோது என்னால் முடியவில்லை. அன்றைக்கும் அந்தப் பெண் வந்து கேட்டாள். ஆய்வகத்தில் நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம். அவளை ஸ்டூலில் உட்காரச் சொல்லி, உங்க மேடம் வரமாட்டாங்கம்மா என்று சொல்லிவிட்டேன்.

அவள் கொஞ்சமும் திடுக்கிடவில்லை. கைவிரல்களைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“தெரியும் மேடம். லீவுலயே தெரியும். எங்கப்பா கூட பெயிண்ட் வாங்கப் போனேன். அங்கன உக்காந்து பில் போட்டுக்கிட்டு இருந்தாங்க. அவங்க பாக்கதுக்கு முன்னால அப்பாவ வேற கடைக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன்.”

மற்றவர்களுக்கும் அன்றைக்கே சொல்லிவிட்டாளாம். வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்று பேசி வைத்துக்கொண்டார்களாம். பிறகு எதற்காக என்னிடம் வாரா வாரம் கேட்டீர்கள் என்றேன்.

“கேக்கலைன்னா எங்களுக்குத் தெரியும்னு நீங்க கண்டுபிடிச்சிருவியள்லா. கண்டுபிடிச்சா அவங்ககிட்ட சொல்லிருவிய. நாங்க படிக்கணும்னுதான மேடம் அவங்க பொய் சொல்லுதாங்க. நாங்க நின்னுட்டா அது வீணாப் போயிரும்லா.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளை முன்னால் அழுவது இதுவரை இல்லாத பழக்கம். அவள் எழுந்து போய்த் தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்து கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் தோழிக்குப் போன் போட்டேன். கடையில் கூட்டம் போல, பின்னால் யாரோ வெள்ளைச் சுண்ணாம்பு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் எப்படி இருக்காங்க, இன்னும் என்னைக் கேக்காங்களா என்றாள்.

கேட்கிறார்கள், அடுத்த வாரம் வந்துவிடுவாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன் என்றேன். “நம்பிட்டாங்களா?” என்றாள். நம்பிவிட்டார்கள் என்றேன். அவள் சந்தோஷமாகச் சிரித்துவிட்டு, அந்த ஆளுக்கு விலை சொல்லப் போனாள்.