மெத்தென்ற டயரும் மச்சானின் தலைக்கவசமும்

எனக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பு வந்ததற்குக் காரணம் நான் வேலை செய்யும் அரசாங்கக் கச்சேரியின் கதிரையா, என்னுடைய சைக்கிளா என்று எங்கள் வீட்டில் ஒரு வருடத்துக்கு மேல் வழக்கு நடந்தது. வழக்குத் தொடுத்தவளும் தீர்ப்புச் சொன்னவளும் என் மனைவிதான். இருபத்தைந்து வருடமாக அந்தக் கதிரையில் இருந்துதான் கோப்பு எழுதுகிறேன். அதன்மீது அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. சைக்கிள் வந்து ஒன்றரை வருடம்தான், ஆனால் குற்றவாளி அதுதான் என்று முதல் மாதமே முடிவு கட்டிவிட்டாள்.

அது சாதாரண சைக்கிள் அல்ல. ரேசிங் சைக்கிள். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு சிநேகிதன், போகும்போது அதைத் திரும்பக் கட்டி ஏற்ற அலுப்புப்பட்டு என் தலையில் கட்டிவிட்டுப் போனான். கரியல் இல்லை, பெல் இல்லை, மட்காட்டும் இல்லை. ஒரு விரலால் தூக்கலாம். ஐம்பத்திரண்டு வயதில் அதில் ஏறிக் குனிந்து மிதித்தபோது எனக்கு வந்த சந்தோசத்தை இங்கே ஒளிக்கப் போவதில்லை. உடுவிலில் எங்கள் குறுகிய ஒழுங்கையால் போகும்போது வேலிக்கு மேலால் யாராவது எட்டிப் பார்த்தால், தேவையே இல்லாமல் கியர் மாற்றுவேன்.

பிழை டயரில் இருந்தது. அதோடு வந்த டயர் மெல்லியது, இறுகியது. நாட்டுத் தெருவெல்லாம் வழுவழுவென்று காப்பெட் போட்டிருந்தால் அது நல்ல டயர். எங்கள் ஒழுங்கையிலோ ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக என் நாரிக்கு வந்து முறைப்பாடு செய்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஓடிவிட்டு வந்தால், பின்னேரம் விறாந்தையில் குப்புறப் படுத்திருப்பேன். மனைவி நோவெண்ணெய்ப் போத்தலோடு வந்து இருப்பாள். எண்ணெய் மெதுவாகத்தான் பூசுவாள், வாய்தான் மெதுவாக இராது.

ஒருநாள் போத்தலை மூடிவிட்டுச் சொன்னாள்:

"இஞ்சாருங்கோ, வடிவாக் கேளுங்கோ. இனி ஒருக்கா இந்தச் சைக்கிளாலை வந்து எண்ணெய் பூசு எண்டு படுத்தியள் எண்டால், சைக்கிளைத் தம்பியிட்டைக் குடுத்திடுவன்."

"சரி."

"இன்னும் முடியேல்லை. காத்துப் போயிட்டுது, ஓட்டோ பிடிச்சுக்கொண்டு வா எண்டு எனக்குப் போன் அடிச்சாலும் குடுத்திடுவன்."

இரண்டாவது நிபந்தனைக்கும் காரணம் இருந்தது. மூன்று தரம் அப்படி அடித்திருக்கிறேன். மூன்றாவது தரம் அவள் அடுப்பில் கறியை வைத்துவிட்டு வந்தவள். உதிரி டியூப்பும் காற்றடிக்கிற சின்னப் பம்மும் கொண்டு போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கொண்டுதான் போனேன். டயரைக் கழற்றி மாட்டும்போது புது டியூப்பையும் நானே நெரித்துக் கிழித்துவிடுவேன். கோப்பு எழுதுகிற கைக்கு அவ்வளவுதான் வரும்.

அவள் சொன்ன தம்பி, என் மச்சான், உடுப்பிட்டியில் இருக்கிறான். நல்லவன்தான். ஆனால் என் சைக்கிளில் கண் வைத்தவன். எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் சைக்கிளிடம் போய் அதன் பாரைத் தடவிவிட்டுத்தான் அக்காவைச் சுகம் விசாரிப்பான். நிபந்தனை விதித்த செய்தி அன்றிரவே அவனுக்குப் போய்விட்டது. அடுத்தநாள் காலை எனக்குப் போன்.

"அத்தான், ரயர் மாத்தப் போறியளாம். ஒண்டு சொல்லுறன், நல்லாய் உழைக்கிற ரயராப் போடுங்கோ. எங்கடை றோட்டுக்கு அதுதான் சரி. முள்ளே ஏறாது."

"ஓம், ஓம்," என்றேன். போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. உழைக்கிற டயர் என்றால் இறுகின டயர். இறுகின டயர் என்றால் நாரி. நாரி என்றால் எண்ணெய். எண்ணெய் என்றால் சைக்கிள் உடுப்பிட்டிக்கு. அட, அக்கறையான மச்சானே!

சுன்னாகத்தில் எனக்குப் பழக்கமான சைக்கிள் கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரர் இரண்டு டயரை எடுத்து முன்னாலிருந்த வாங்குப் பலகையில் போட்டார். இரண்டும் என்னுடைய பழைய டயரைவிடக் கொஞ்சம் அகலம். முதலாவதைக் கையில் எடுத்தேன். பக்கமெல்லாம் துணிபோல மெல்லிசு, சால்வையை மடிப்பதுபோல மடிக்கலாம். இரண்டாவது மடிய மாட்டேன் என்று வட்டமாகவே நின்றது. றப்பருக்குக் கீழே முள் தடுக்க ஒரு தடித்த பட்டி வைத்திருக்கிறார்களாம்.

"அண்ணை, இது பஞ்சு மாதிரி ஓடும். ஆனால் முள்ளைக் கண்டால் கூப்பிட்டு ஏத்தும்," என்றார் முதலாவதைக் காட்டி. பிறகு மற்றதைத் தட்டினார். "இதிலை முள்ளு, ஆணி, போத்தில் ஓடு ஒண்டும் ஏறாது. உங்களுக்குப் பிறகும் இருக்கும்."

"அப்ப நாரி?"

"நாரிக்கு நான் ரயர் விக்கிறேல்லை அண்ணை."

முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு மற்றது என்று போட்டால் என்ன என்று கேட்டேன். கோப்பு எழுதுகிறவனுக்கு இரண்டு பக்கத்தையும் திருப்திப்படுத்துகிற புத்திதானே வரும். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்கடை பாரம் முழுக்கப் பின் ரயரிலை. நாரிக்குச் சுகம் வேணுமெண்டால் பின்னுக்குத்தான் பஞ்சு போடவேணும். ஆனால் ஓட்டை விழுறதும் பின்னுக்குத்தான் கூட. யோசிச்சுச் சொல்லுங்கோ, நான் ரீ குடிச்சிட்டு வாறன்."

அவர் தேநீர் குடித்து முடிக்கும்வரை அந்த வாங்குக்கு முன்னால் நின்றேன். எண்ணெய் ஒரு பக்கம், ஓட்டோ ஒரு பக்கம். எந்த டயரைத் தொட்டாலும் மச்சானின் முகம் தெரிந்தது. கடைசியில் பஞ்சையே எடுத்தேன், இரண்டு சில்லுக்கும். முள் ஏறுவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. நாரி நோவது நிச்சயம். அதிர்ஷ்டத்தோடு கதைத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

மச்சானுக்கு மட்டும் உழைக்கிற டயர் போட்டதாகச் சொன்னேன். பொய்தான். சனிக்கிழமை அவன் பார்க்க வருவான் என்று தெரியும், ஆகவே டயர் தாங்குகிற மட்டத்துக்கு இறுக்கிக் காற்றடித்து வைத்திருந்தேன். வந்தான். பாரைத் தடவினான். குனிந்து பெருவிரலால் டயரை அமுக்கினான். கல்லாக இருந்தது.

"நல்ல முடிவு அத்தான்," என்றான். வாயெல்லாம் பல். "நாளைக்கு எங்கை ஓட்டம்?"

"கீரிமலைக்கு. போய்க் குளிச்சிட்டு வருவன்."

"கீரிமலையோ! போகவரப் பதினாறு கட்டை வருமெல்லே? போயிட்டு வாங்கோ, போயிட்டு வாங்கோ. நான் பத்து மணிபோலை அக்காவைப் பாக்க வாறன்." பதினாறு கட்டை, அதாவது பதினாறு மைல், என்று சொன்னபோது அவன் என் நாரியைப் பார்த்ததை நான் கண்டேன்.

ஞாயிறு விடிய எழும்பிப் போய், நாரிக்குச் சுகமாக, டயரில் ஏற்றிய காற்றில் ஒரு பங்கை இறக்கினேன். "ஸ்ஸ்" என்று அது போனபோது மச்சானின் கெட்டித்தனமும் சேர்ந்து போவதாக ஒரு திருப்தி. தொப்பியைப் போட்டேன். என்னிடம் தலைக்கவசம் இல்லை. அது வேண்டும் என்று மனைவி பலதரம் சொல்லிக் களைத்துப்போனவள். "போயிட்டு வாறன்," என்று சத்தம் வைத்தேன். குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த அவள் தலையைக்கூட நீட்டவில்லை. எனக்கு மனம் கொஞ்சம் சுருங்கியது. சைக்கிள் போய்த் தொலையட்டும் என்று இருக்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டு மிதித்தேன்.

மருதனார்மடம் தாண்டியதும் அந்தச் சுருக்கம் போய்விட்டது. அப்படி ஒரு ஓட்டம்! பள்ளம் வரும், நான் பழக்கதோசத்தில் பல்லைக் கடிப்பேன், டயர் அதை விழுங்கிவிட்டுப் பேசாமல் போகும். மல்லாகம் கடந்தும் நாரி வாய் திறக்கவில்லை. ஆனால் அதற்குக் கூலியாகக் கண் வேலை செய்தது. தெருவில் கிடந்த ஒவ்வொரு சருகையும் விலத்தினேன். வேலி முள்ளை வெட்டிப் போட்டிருந்த ஓரிடத்தில் இறங்கி, சைக்கிளைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். எதிரே மீன்பெட்டி கட்டிய சைக்கிளில் வந்த ஒருவர், "என்ன அண்ணை, அது களைச்சுப் போச்சோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கீரிமலையில் கேணிப் படியில் நின்று, நீரை முகத்தில் அடிப்பதாகப் பாவனை பண்ணி, முழுதாகக் குனிந்து பார்த்தேன். நோ இல்லை. இன்னொரு தரம் குனிந்தேன். இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் கடல் அடித்துக்கொண்டிருந்தது. நான் ஊற்றுத் தண்ணீருக்குள் கழுத்துவரை இருந்துகொண்டு, மச்சான் வீட்டில் வந்து காத்திருக்கப் போவதை நினைத்துத் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் குளித்தவர் கொஞ்சம் தள்ளிப் போனார்.

திரும்பும் வழியும் அப்படியே. பத்து மணிக்குச் சற்று முன் எங்கள் ஒழுங்கை முகப்புக்கு வந்துவிட்டேன். அங்கே ஒரு பிள்ளையார் கோவில் இருக்கிறது. அதன் வாசலில் மனைவியும் மச்சானும் நின்றார்கள். மச்சானின் கையில் ஒரு பை. பைக்குள்ளிருந்து சைக்கிளுக்குப் போடுகிற ஒரு தலைக்கவசம் எட்டிப் பார்த்தது. அவன் வழக்கமாக வருகிற மோட்டார் சைக்கிளைக் காணவில்லை. ஆளைப் பார், பஸ்சில் வந்திருக்கிறான்! திரும்பிப் போக என் சைக்கிள் இருக்கிறது என்ற நம்பிக்கையில்.

அவர்களைக் கண்டதும் எனக்கு வயது முப்பது குறைந்தது. முதுகை நிமிர்த்தினேன். காலையிலிருந்து தெருவை விட்டு எடுக்காத கண்ணை எடுத்தேன், கைப்பிடியிலிருந்து ஒரு கையையும் எடுத்து அவர்களுக்கு ஆட்டினேன்.

"புஸ்ஸ்ஸ்."

வேறு எந்தச் சத்தமும் இல்லை. பின் சில்லு நிலத்தோடு ஒட்டியது. பதினாறு கட்டை ஓடி, வீட்டுப் படலை தெரிகிற இடத்தில்.

"அத்தான், காத்துப் போயிட்டுது!" மச்சான் ஓடி வந்தான். குனிந்து டயரை அமுக்கிப் பார்த்தவன் நிமிர்ந்தான். "இதென்ன, மடியுது? இது உழைக்கிற ரயரில்லையே! அக்கா, அத்தான் பொய் சொல்லிப்போட்டார்!"

பையிலிருந்து அவன் தலைக்கவசத்தை எடுக்கவே தொடங்கிவிட்டான். அழுகை வருமளவுக்கு எனக்கு இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு சைக்கிளுக்கு அழுதான் என்று ஊர் சொல்லக்கூடாதே என்பதற்காக, குனிந்து டயரைத் தடவி, குத்தினதைத் தேடிப் பிடுங்கி எடுத்தேன்.

முள்ளும் இல்லை, போத்தில் ஓடும் இல்லை. கூராக உடைந்த சிரட்டைத் துண்டு. உள்பக்கம் வெள்ளைத் தேங்காய் ஒட்டியிருந்தது. ஈரம்கூடக் காயவில்லை.

அப்போதுதான் தெருவைப் பார்த்தேன். தேங்காய் உடைக்கிற கல்லைச் சுற்றி வெள்ளைத் துண்டுகள். சில துண்டுகள் தெருவின் நடுப்பகுதிவரை வந்திருந்தன. பிறகு மச்சானைப் பார்த்தேன். முழங்கைவரை தேங்காய்த் தண்ணீர் வழிந்த அடையாளம்.

"ஆர் உடைச்சது?" என்றேன்.

மச்சான் தலைக்கவசத்தை மெதுவாகப் பைக்குள் திரும்ப வைத்தான்.

"நான்தான் உடைப்பிச்சனான்," என்றாள் மனைவி. "பொம்பிளை நான் உடைக்கேலாதெண்டு தம்பியைக் கொண்டு உடைப்பிச்சன். நல்ல வேகமாய் உடை எண்டு சொன்னன். ஏதோ கோவத்திலை உடைச்ச மாதிரித்தான் இருந்தது."

"என்னத்துக்கு?"

அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். "உங்கடை நாரி நோகாமல், ஒரு பிசகும் இல்லாமல் வந்து சேரவேணுமெண்டு பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேத்தி. விடிய நீங்கள் வெளிக்கிடேக்கை வைச்சனான்."

"நீதானே சைக்கிளைக் குடுக்கப் போறன் எண்டு சொன்னனீ!"

"குடுத்துப்போட்டு? ஞாயிற்றுக்கிழமையிலை முழுநாளும் வீட்டிலை இருந்து என்ரை உயிரை எடுக்கிறதுக்கோ?" என்றாள். பிறகு, தம்பி கேட்காத மாதிரி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அதிலை போயிட்டு வந்தால்தான் நீங்கள் சிரிக்கிறியள்."

காலையில் குசினியை நினைத்துச் சுருங்கிய மனத்துக்கு இப்போது வெட்கமாக இருந்தது. அவளுக்கு ஏதாவது நல்லதாகச் சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். மச்சான் விடவில்லை.

"அக்கா, ஆனாலும் காத்துப் போனது போனதுதானே. நிபந்தனை?"

"எனக்குப் போன் அடிச்சவரோ? நான் இஞ்சைதானே நிக்கிறன்," என்றாள் அவள். "ஏறினது ஆற்றை தேங்காய்? நீதான் உடைச்சனீ, நீதான் ஒட்டிக் குடு."

எங்கள் முற்றத்தில் ஒரு பேசினில் தண்ணீர் வைத்து, டியூப்பை அமுக்கி, குமிழி வருகிற இடம் தேடி, மச்சானே ஒட்டினான். நன்றாகத்தான் ஒட்டினான், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். நான் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, டயரைப்பற்றி அவனுக்கு ஒரு சின்ன விரிவுரை நிகழ்த்தினேன். உழைக்கிற டயர் என்றால் இந்தச் சிரட்டை ஏறியிராது என்று அவன் ஒரு தரம் முணுமுணுத்தான். அது உண்மைதான். எனக்குக் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

சாப்பிட்டுவிட்டுப் பின்னேர பஸ்சுக்கு வெளிக்கிட்டபோது அவன் பையை எடுத்தான். மனைவி கையை நீட்டி மறித்தாள்.

"உந்தத் தலைக்கவசத்தை வைச்சிட்டுப் போ. பஸ்சிலை போற உனக்கு உது என்னத்துக்கு? அத்தானுக்கு உதவும்."

அவன் அக்காவையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். தலைக்கவசத்தை மேசையில் வைத்துவிட்டுப் படலையைச் சாத்திக்கொண்டு போனான்.

மனைவி அதை எடுத்து என்னிடம் வந்தாள். "குனியுங்கோ," என்றாள். குனிந்தேன். தலையில் போட்டு, நாடிக்குக் கீழே வாரை மாட்டி, இறுக்கமாக இருக்கிறதா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். காலையில் சைக்கிளைத் தோளில் தூக்கியதாலோ என்னவோ, குனிந்த அந்த இடத்தில் நாரி சுரீர் என்று பிடித்தது. நோவெண்ணெய்ப் போத்தல் அவளுக்குப் பின்னால் அலுமாரித் தட்டில்தான் இருந்தது.

"என்ன, நோகுதோ?" என்றாள்.

"இல்லையே," என்று சொல்லி, பல் முழுவதும் தெரியச் சிரித்தேன்.