விமானியைப் பெற்றவளின் பனிக்காலம்

விமானிக்கு அம்மாவாக இருப்பதும் ஒரு உத்தியோகம்தான். சம்பளம் கிடையாது, நெஞ்சுப் படபடப்பு மட்டும் தவறாமல் வந்துவிடும். பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்பிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மாருக்கு இது புரியும்.

இறங்கலாம், ஏறக் கூடாது

இளையவள் அனிதாவுக்கு அன்று சாயங்காலம் திண்டுக்கல்லில், எங்கள் மாதா கோயிலில் கல்யாணம். அக்கா வந்துதான் தலையில் பூ வைக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அக்கா செலின் துணை விமானி. விடிகாலையில் டில்லியிலிருந்து சென்னைக்கு விமானம் ஓட்டிவந்து, அங்கிருந்து மதுரை வழியாக வீடு சேர வேண்டும்.

விடிந்ததும் போன். அங்கே ஒரே பனியாம், கிளம்ப முடியாதாம். பேசும்போதே ஒரு விமானம் வந்து இறங்கியதாம். “ஏண்டி, இறங்குறவனுக்குத் தெரியுது, ஏறுற உனக்குத் தெரியலையா?” என்றேன். “இறக்குறத மிஷினே பாத்துக்கும்மா. ஏத்துறதுக்குத்தான் மனுசக் கண்ணு வேணும்.”

கோயில் கேட் வரைக்கும்

மிஷின் என்றதிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. எவ்வளவு தூரம் தெரிந்தால் ஏற விடுவார்கள் என்று கேட்டேன். ஓடுபாதையில் நூற்று இருபத்தைந்து மீட்டர் தெரிந்தால் போதுமாம். அதுவும் கேப்டன்தான் எடுக்க வேண்டுமாம், இவள் எடுக்கக் கூடாதாம். எங்கள் வாசலிலிருந்து கோயில் கேட் வரைக்கும் அவ்வளவு இருக்கும்.

என் வீட்டுக்காரர் சிறுமலைக்கு பஸ் ஓட்டியவர். கல்யாண வேட்டியோடு வாசலில் நின்று அந்தக் கேட்டையே பார்த்தார். “ஏ ரோசம்மா, மலையில மேகம் இறங்குனா நான் மெதுவா உருட்டிக்கிட்டுல்ல வருவேன்? இவுக இம்புட்டு தூரத்த வச்சுக்கிட்டா பறக்குறாக?”

கொஞ்சம் பாத்து எடுக்கச் சொல்லு

நேரம் போகப் போகக் கல்யாணப் பெண் அழத் தொடங்கினாள். ‘அண்ணே, செத்த நேரம் நில்லுங்க’ என்று டவுன் பஸ்ஸை நிறுத்திப் பழகிய வாய் எனக்கு. கையில் ஜெபமாலையை வைத்துக்கொண்டே மறுபடி போன் போட்டு மகளிடம் சொன்னேன்: “கேப்டன்கிட்ட தங்கச்சி கல்யாணம்னு சொல்லு. முன்னப்பின்ன இருந்தாலும் கொஞ்சம் பாத்து எடுக்கச் சொல்லு.”

அவள் மெதுவாகக் கேட்டாள். “அம்மா, ஏறப்போற அம்புட்டுப் பேருக்கும் ஒரு அம்மா இருப்பாங்கல்ல?”

கடைசிப் பந்தி

பனி விலகி அவள் வந்து சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து, கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. யூனிபார்மோடு வந்து நின்றாள். அனிதா தலையில் இருந்த மல்லிகையைக் கழற்றி அக்கா கையில் கொடுத்தாள். “வாடித்தான் போச்சு. பரவால்ல, நீயே வச்சுவிடு.”

பனிக்காலம் வந்தால், மகள் இன்னும் தரையிலேயே நிற்கிறாள் என்று சேதி வந்த பிறகுதான் இப்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்குகிறது.