ராஜாம்பாள் டீச்சரின் ஐந்து ஜாடிகள்

எனக்குச் சுத்தப் பித்து உண்டு. என் வகுப்பில் பெஞ்சுகள் நூல் பிடித்தாற்போல நிற்கும், கரும்பலகையில் பழைய சாக்பீஸ் தடம் ஒன்று இருக்காது. விருத்தாசலத்தில் ஒரு நடுநிலைப்பள்ளியில் நான் கணக்கு வாத்தியார், பெயர் தேவநாதன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ராஜாம்பாள் டீச்சரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என்னைப் பற்றியும் சொல்லாமல் தீராது.

அவர் அடுத்த அறையில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தார். அந்த அறையிலிருந்து எப்போதும் சத்தம் வரும், சில நாள் வாடையும் வரும். காரணம் ஐந்து ஜாடிகள். அவர் கணவர் சக்கரபாணி பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை வேலை பார்த்தார். வெந்து வரும்போது கோணிப்போகும் ஜாடிகளை அங்கே கழித்துப் போடுவார்கள். அதில் வாய் அகன்றதாக ஐந்தைக் கேட்டு வாங்கி, சைக்கிளில் கட்டி அவர் கொண்டுவந்து கொடுத்தார்.

டீச்சர் வகுப்பை ஐந்து குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு ஏரி, ஒன்றுக்கு மணிமுத்தாறு, ஒன்றுக்கு வயல் வாய்க்கால், ஒன்றுக்குக் கோயில் குளம். கடைசிக் குழுவுக்கு, களிமண் வெட்டி எடுத்த பிறகு மழைத் தண்ணீர் நின்ற பள்ளம். அந்தந்த இடத்துச் சேறு, தண்ணீர், பாசி, நத்தை, மீன்குஞ்சு எல்லாம் அந்தந்த ஜாடியில். வேறு இடத்துப் பொருள் ஒரு துரும்பு சேரக்கூடாது. தினமும் காலையில் பிள்ளைகள் பத்து நிமிடம் ஜாடியை எட்டிப் பார்த்து, கண்டதை நோட்டில் எழுதுவார்கள். பிறகு டீச்சர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இதுல ஒண்ண எடுத்துட்டா யாருக்குடா கஷ்டம்?"

அந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்ளாத குறை. பாசியை எடுத்தால் நத்தைக்குக் கஷ்டம் என்பான் ஒருவன். மீனுக்கு மூச்சே நின்றுவிடும் என்பாள் இன்னொருத்தி. சுவருக்கு இந்தப் பக்கம் நான் பின்னக் கணக்கை வைத்துக்கொண்டு பல்லைக் கடிப்பேன்.

1968இல் ஒரு பெற்றோர் மேலிடத்துக்குப் புகார் எழுதிப் போட்டார். டீச்சர் பாடம் நடத்துவதில்லை, பிள்ளைகளைச் சேற்றில் இறக்குகிறார் என்று. ஆய்வாளர் நேரில் வந்து பார்ப்பார், திருப்தி இல்லையென்றால் டீச்சருக்கு மாவட்டத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் மங்களூர்ப் பக்கம் மாற்றல் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். டீச்சருக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை, கணவருக்குச் சூளையில் ஷிப்டு வேலை. மாற்றல் வந்தால் குடும்பம் ரெண்டுபட்டுப் போகும். அது ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆய்வுக்கு முந்தைய நாள் பள்ளியைச் சுத்தம் செய்யும் பொறுப்பு என்னுடையது. டீச்சர் குழந்தைக்குக் காய்ச்சலென்று மதியமே போய்விட்டார். அவர் அறைக்குள் நுழைந்ததும் அந்த ஜாடிகள்தான் கண்ணில் பட்டன. இந்த அழுக்கைப் பார்த்தால் ஆய்வாளர் என்ன சொல்வார்! டீச்சருக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, என் வகுப்புப் பையன்களை வைத்து நான்கு ஜாடிகளைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன். கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, மீன்களை மட்டும் திரும்ப விட்டேன். ஜாடிகள் பளபளவென்று இருந்தன. களிமண் பள்ளத்து ஜாடி மட்டும் கழுவவே லாயக்கில்லை என்று தோன்றியது. கொட்டிவிடலாமென்று பின்பக்கம் தூக்கி வைக்கச் சொன்னேன். அதற்குள் இருட்டிவிட்டது.

காலையில் நான்கு ஜாடியிலும் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. டீச்சர் பார்த்தார். என்னையும் பார்த்தார். ஒரு வார்த்தை பேசுவதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது.

"என்னம்மா இது, செத்த மீனை வச்சுப் பாடம் நடத்துறீங்களா?" என்றார் ஆய்வாளர். நான் கதவோரம் நின்றேன்.

டீச்சரின் முகம் வெளுத்திருந்தது, ஆனால் குரல் நடுங்கவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "நேத்து இருந்ததுல இன்னிக்கு என்னென்ன காணோம்? சொல்லுங்க."

ஏரிக் குழுவில் இருந்த பாஞ்சாலை எழுந்தாள். "சேறு இல்ல டீச்சர். பாசி இல்ல. நத்த ஒம்போது இருந்துச்சு, அதுவும் இல்ல. மீனு மட்டும் தனியா எப்பிடி டீச்சர் இருக்கும்?" சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மற்றவர்கள் நோட்டைத் திறந்து, தேதியோடு படிக்க ஆரம்பித்தார்கள். ஆய்வாளர் ஒரு நோட்டை வாங்கிப் புரட்டினார். பிறகு இன்னொன்று. உட்கார்ந்தே விட்டார்.

அதற்குள் பையன்கள் பின்பக்கம் ஓடி, நான் கொட்ட வைத்திருந்த ஜாடியைத் தூக்கி வந்தார்கள். கலங்கல் தெளிந்திருந்தது. பாசிக்கு நடுவே நாலு குஞ்சுகள் நீந்திக்கொண்டிருந்தன. ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். நிமிர வெகுநேரம் ஆயிற்று.

"எல்லாம் சரி, மத்ததை யார் கழுவினது?"

நான் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. உண்மையைச் சொல்லவேண்டுமானால், வரவழைக்க நான் முயலவில்லை.

"நான்தாங்க சார். நீங்க வரீங்கன்னு சுத்தமா இருக்கட்டுமேன்னு கழுவிட்டேன்" என்றார் டீச்சர்.

மாற்றல் நின்றது. ஜீப் போனபிறகு அவரிடம் ஓடினேன். "டீச்சர், ஆபீசுக்குப் போய் உண்மையச் சொல்லிட்டு வரேன்" என்றேன்.

"வேணாம் சார். கெட்டது நெனச்சா கழுவினீங்க?" என்றவர், அழுகையும் சிரிப்புமாகச் சொன்னார்: "அடுத்த தடவ உங்க ரூம மட்டும் கழுவுங்க. அது போதும்."

மறுவாரமே நான்கு குழுவும் மறுபடி சேறு அள்ளப் போனது. இந்தமுறை வாளி தூக்கிக்கொண்டு நானும் போனேன். ஏரிக்கரையில் வேட்டியெல்லாம் சேறு. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பத்து வருடம் ஆகிவிட்டது. கருவேப்பிலங்குறிச்சிக்குத் தலைமையாசிரியையாக அவர் போகிறார், அவரே கேட்டு வாங்கிய இடம். போன வாரம் ஆபீசுக்கு உதவியாக அதற்கான தாள்களைத் தயார் செய்யும்போது அவருடைய பணிப்பதிவேட்டை முதல்முறையாகப் படித்தேன். பக்கம் பக்கமாகப் பாராட்டு. நடுவில் ஒரே ஒரு குறை: "ஜாடிகளைக் கழுவி மீன்கள் இறக்கக் காரணமானது ஆசிரியையின் கவனக்குறைவு."

அந்த ஏட்டில் கைவைக்க எனக்கு அதிகாரம் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கழுவியவன் நான்.